அருளம்பலத்தாரின் லேத்தும் ஐந்து நீரும்

“என்ரை லேத் ஒருக்கா உருண்டுதெண்டால், பிறகு என்ரை படலைக்குள்ளாலை கடைச் சாமான் எண்டு ஒரு நட்டுக்கூட வராது. எழுதி வையுங்கோ.”

இணுவிலில், தம் சொந்தச் சித்தப்பாவின் அந்தியேட்டிப் பந்தியில், இரண்டாம் தடவை பரிமாறப்பட்ட பாயசத்தை இலையில் சோற்றால் அணை கட்டி மறித்தபடி, ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் அருளம்பலம் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். பந்தியில் இருந்த முப்பத்தொரு பேரில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருடைய வலக்கையும் பாயசத்தில் இருந்தது ஒரு காரணம். லேத் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாதது மற்றக் காரணம். தெரியாதவர்களுக்கு அவர் அங்கேயே விளக்கம் கொடுத்தார். லேத் என்பது கடைசல் மெசின். இரும்பையோ பித்தளையையோ அதன் வாயில் கொடுத்தால் கவ்விப் பிடித்துச் சுழற்றும். சுழல்கிற உலோகத்தில் ஒரு கூரான உளியை அணைத்தால், மாங்காய்த் தோல் போலச் சீவி விழுத்தி, நினைத்த உருவத்தைக் கையில் தரும்.

“உலகத்திலை இருக்கிற மற்ற மெசின் எல்லாத்தையும் பெத்தது இந்த மெசின்தான். தன்னைத் தானே பெறக்கூடிய மெசினும் இது ஒண்டுதான்,” என்று முடித்தார்.

செத்தவீட்டுக் காரியத்தில் பிள்ளைப்பேற்றுக் கதை எதற்கு என்று பக்கத்து இலைக்காரர் முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை.

அருளம்பலம் முப்பத்துநான்கு வருடம் ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்பு நகர்த்தியவர். அந்தக் காலத்தில் இரும்போடு அவருக்கு இருந்த உறவு, காகிதத்தில் ஓட்டை போடுகிற சின்ன மெசினும் ஒரு சைக்கிளும்தான். ஓய்வுபெற்று மூன்றாம் மாதம், அடுப்படி வாசலில் நின்று பருப்புக்கு உப்புக் கூடியதற்கு விளக்கம் கோரத் தொடங்கினார். மனைவி இராசமலர், தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில், தன் பழைய போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இதிலை ஏதும் பாத்துக்கொண்டு இருங்கோ. நான் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு வாறன்.”

போனில் இங்கிலாந்துக் கிழவர்கள் தோன்றினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கொட்டிலுக்குள் நின்று, துருப்பிடித்த ஒரு பழைய மெசினைக் கழற்றி, கழுவி, சுரண்டி, நிறம் பூசி, திரும்பப் பூட்டி, ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் கண்கலங்கினார்கள். பிறகு அந்த மெசினில் ஏதாவது செய்தார்களா என்றால், செய்தார்கள். அடுத்த பழைய மெசினைத் திருத்துவதற்கு ஓர் உதிரிப்பாகம் செய்தார்கள். இந்தத் தத்துவத்தின் பூரணத்துவம் அருளம்பலத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பிறப்பிக்கிற இடத்தில் சீவித்தவருக்கு அது புதிதாகவும் படவில்லை.

அடுத்த கிழமையே பழைய இரும்பு வியாபாரி ஜெயசுதனின் வளவில் போய் நின்றார். ஜெயசுதன் அதுவரை இரும்பை நிறுத்து மட்டுமே விற்றவர். இரும்புக்கு ஊர், பெயர், கோத்திரம் உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மூலையில், கோழி அடைக்குப் படுத்திருந்த ஒரு துளைபோடும் மெசினை அருளம்பலம் காட்டினார்.

“தம்பி, இது எந்த நாட்டுச் சாமான்?”

“எந்த நாடு வேணும்” என்று கேட்க வாயெடுத்த ஜெயசுதன், வந்தவரின் கண்ணில் இருந்த ஏக்கத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“வெள்ளைக்காரன் போகேக்கை விட்டிட்டுப் போனது, ஐயா.”

“ஓடுமோ?”

“ஓடினால் விட்டிட்டுப் போவானே?”

இந்த நியாயத்தில் ஓர் ஓட்டையும் அருளம்பலத்துக்குத் தெரியவில்லை. மெசின் வீட்டுக்கு வந்தது. அடைக்குப் படுத்த கோழி மட்டும் ஜெயசுதனிடம் தங்கியது.

அன்றிலிருந்து ஜெயசுதனும் ஒரு புதிய தொழில் கற்றார். முன்பெல்லாம் ஒரு மெசின் கிடைத்தால் துருவைத் தட்டி, எண்ணெய் தடவி வைப்பார். இப்போது எண்ணெய் தடவியதைக்கூட மண்ணெண்ணெயால் துடைத்து மழையில் விட்டார். சிலந்தி வலை பின்னியிருந்தால் அதற்குக் கைபடாமல் பார்த்துக்கொண்டார். “துருவைத் தட்டாதேங்கோ, ஐயா. அது அந்தக் காலத்துத் துரு,” என்பார். அருளம்பலமும் துருவை விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, இந்தக் காலத்துத் துருவுக்கு இந்த மென்மை வராது என்று ஒப்புக்கொள்வார்.

ஒன்றரை வருடத்தில் கோடிப்புறக் கொட்டிலில் ஐந்து மெசின்கள் சேர்ந்தன. துளைபோடும் மெசினுக்கு ஒரு கப்பி இல்லை, கப்பி கடைய லேத் வேண்டும். லேத்துக்கு ஒரு பற்சில்லு இல்லை, அதை வெட்ட வேறொரு மெசின் வேண்டும். அந்த மெசினின் தண்டை அறுத்து எடுக்க இரும்பு அறுக்கும் மெசின் வேண்டும். அறுக்கும் மெசினின் வாளைப் பூட்டுவதற்கு இரண்டு துளை போட வேண்டியிருந்தது. இப்படி ஒன்றுக்கொன்று கடமைப்பட்டு, ஒன்றும் அசையாமல், ஐந்தும் ஒரு நல்ல சைவக் குடும்பத்தைப் போல ஒற்றுமையாக இருந்தன. சாணைபிடிக்கிற ஐந்தாவது மெசினுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அதனால் அதை அவர் பெரிதாக மதிக்கவில்லை.

மதிப்பு என்கிற விஷயத்தில் அருளம்பலம் கறாரானவர். இங்கிலாந்து மெசினை ‘அவர்’ என்பார். “அவருக்கு இண்டைக்கு எண்ணெய் வைக்கவேணும்.” இந்திய மெசினை ‘அவன்’ என்பார், அதில் ஒரு வாஞ்சை இருக்கும். சீன மெசின் என்றால் ‘உது’. கிட்டவும் இல்லாமல் எட்டவும் இல்லாமல், யாரோ கொண்டுவந்து வாசலில் போட்ட குப்பையைக் காட்டுகிற மாதிரி அந்த ‘உது’ வரும். சுன்னாகத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்த கோபிசங்கரிடம் இருந்தது ஓர் உது. வலிகாமத்துத் தோட்டங்களில் பாதி இறைப்பு மெசின்கள் அந்த உதுவின் தயவில்தான் ஓடின. ஆனால் அது வேறு விஷயம்.

வாங்குவதில் இருந்த வேகம் விற்பதில் இருக்கவில்லை. ஒரேயொரு முறை, கொட்டிலில் இடம் போதாமல், துளைபோடும் மெசினை நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் டினேசுக்குக் கொடுத்தார். கப்பியை டினேஸ் கோபிசங்கரிடம் ஒரே நாளில் கடைந்து பூட்டி ஓடவிட்டுவிட்டார், அதுவே முதல் குற்றம். விற்றபின் அருளம்பலம் ஒவ்வொரு செவ்வாயும் சைக்கிளில் நீர்வேலிக்குப் போய், மெசின் இருந்த தாழ்வாரத்துக்குள் நுழைந்து, அதன் மேசையில் விரலை இழுத்துத் தூசி பார்த்தார். நாலாம் செவ்வாய் அதன் கைபிடியில் ஒரு ஈரச் சாறம் காயப்போட்டிருக்கக் கண்டார். சாறத்தை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, அங்கேயே இருந்து ஒரு மணித்தியாலம் மெசினைத் துடைத்தார். ஐந்தாம் செவ்வாய் அவர் புறப்படுவதற்கு முன்னரே, டினேஸ் லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் மெசினைக் கொண்டுவந்து படலையில் இறக்கினார். கூடவே ஒரு கதலிக் குலையும் இறக்கினார்.

“காசு திருப்பித் தரவேண்டாம், அண்ணை. நீங்கள் இதை ஏற்றுக்கொண்டால் அது போதும்,” என்றார்.

அதை அருளம்பலம் ஒரு வியாபார வெற்றியாகவே இன்றைக்கும் சொல்லுவார்.

எல்லாவற்றுக்கும் மணிமுடி லேத். ஆளுயர நீளம், இரண்டு மாட்டுப் பாரம். முன்பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் இருந்த எழுத்துகள் தேய்ந்து, ‘அன்ட் சன்ஸ், இங்கிலாந்து’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. எந்த அப்பன், எத்தனை மகன்மார் என்பது துருவுக்குத்தான் வெளிச்சம். பற்சில்லு இல்லாமலே சுற்றுகிற அளவுக்கு அதைத் திருத்த பதினொரு மாதம் எடுத்தது. இராசமலரின் பெரிய தாச்சி மண்ணெண்ணெய்த் தொட்டியானது. இரண்டு நல்ல நூல்சேலைகள் துடைக்கிற சீலையாகின. என்ன நிறம் பூசுவது என்று மட்டும் ஏழு கிழமை யோசித்து, கடைசியில் சாம்பல் நிறம் பூசினார். அது பூசுவதற்கு முன்பும் சாம்பல் நிறம்தான்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். லேத் வடிவாகத்தான் வந்திருந்தது. கையால் சுற்றிவிட்டால் எண்ணெயில் மிதக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் சுற்றியது. கந்தோரில் இருந்த முப்பத்துநான்கு வருடத்தையும் சேர்த்து, அருளம்பலத்தின் கையால் முடிந்து நிமிர்ந்த முதலாவது காரியம் அதுதான் என்று அவருக்கே உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அதனால்தான் அந்தியேட்டிப் பந்தியில் வாய் அப்படி நீண்டது.

பிரகடனம் செய்து ஒன்பதாம் நாள் இராசமலரின் இறைப்பு மெசின் கத்தத் தொடங்கியது.

இராசமலர் தோட்டக்காரி. வீட்டுக்குப் பின்னால் கிணறும், கிணற்றைச் சுற்றி நாலு பரப்பில் வெங்காயமும் அவருடையவை. நட்டு நாற்பது நாள், குமிழ் பெருக்கிற நேரம். மூன்று நாளுக்கு ஒரு தண்ணி தவறக்கூடாது. இறைப்பு மெசின் என்பது ஒருபக்கம் மோட்டர், மறுபக்கம் பம்ப், நடுவில் ஒரு பெல்ட். பம்பின் தண்டு ஒரு பித்தளை வளையத்துக்குள் நின்று சுழலும். அந்த வளையத்துக்குப் பெயர் புஷ். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், கத்தும், தண்ணீர் மேலே வராது. இது வலிகாமத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வருத்தம். மருந்தும் தெரிந்ததே.

“கழட்டித் தாங்கோ. நான் சுன்னாகத்திலை கோபியிட்டைக் குடுத்திட்டு வாறன்,” என்றார் இராசமலர்.

“உதிலையோ?” என்றார் அருளம்பலம். “வீட்டிலை அவர் இருக்க, உதிலை கடைவிக்கிறதோ? இஞ்சை பாரும், ரண்டு நாள் தாரும்.”

இராசமலர் வெங்காயத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ரண்டு நாள் கொடுத்தார்.

அருளம்பலம் பம்பைக் கழற்றினார். பிறகு மோட்டரையும் கழற்றினார்.

“மோட்டர் நல்லாத்தானே ஓடுது. அதை ஏன் கழட்டுறியள்?”

“லேத்துக்கு மோட்டர் வேணுமே? அவருக்கு வந்த மோட்டர் மூண்டு பேஸ் கரண்டிலை ஓடுறது. வீட்டிலை ஒரு பேஸ்தான். விண்ணப்பம் போட்டிருக்கிறன்.” அந்த விண்ணப்பம் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. “இறைப்பு மெசினைத் திருத்த லேத் வேணும். லேத் ஓட மோட்டர் வேணும். மோட்டர் இறைப்பு மெசினிலை இருக்கு. இதிலை விளங்காதது என்ன?”

“வெங்காயத்துக்கு விளங்காது,” என்றார் இராசமலர்.

ரண்டு நாளில் முதல் நாள், மோட்டருக்குப் பலகை அடிப்பதில் போனது. இரண்டாம் நாள் பித்தளை தேடுவதில் போனது. கடையில் வாங்கினால் பிரகடனம் கெடும். ஆகவே இராசமலரின் சீதனத்தில் வந்த பித்தளை இடியுரலின் உலக்கை, வீட்டு நன்மைக்காகக் கையகப்படுத்தப்பட்டது. மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்து வசந்தினி இரங்கி, தன் மெசினில் குழாய் இழுத்து வெங்காயத்துக்கு ஒரு தண்ணி விட்டார். “எனக்கும் புகையிலை நிக்குது, அக்கா. இனி என்னாலை ஏலாது,” என்றும் சொல்லிவிட்டார்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் நல்லநேரம் பார்ப்பதில் போயின. இங்கிலாந்து லேத் ஒன்றை முதன்முதலில் உருட்டுவது சும்மா காரியமா? வாக்கிய பஞ்சாங்கம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் என்றது. திருக்கணிதம் அதே நாள் பன்னிரண்டேகால் என்றது. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது நீதியல்ல என்று அருளம்பலம் இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தார். பத்தேமுக்கால் வந்தது. அது இரண்டு பஞ்சாங்கத்திலும் ராகுகாலம் என்பதை இராசமலர்தான் கண்டார். கண்டும் சொல்லவில்லை. இனியொரு நாள் பிந்த வெங்காயம் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

எஞ்சிய ஒரே குறை, லேத்தை எப்படி ஓட்டுவது என்பது. போன் நண்பரான ஓர் இங்கிலாந்துக் கிழவர் பழைய கைநூல் ஒன்றின் நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் படம்பிடித்து அனுப்பியிருந்தார். அருளம்பலத்தின் ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம். ‘தங்கள் கடிதம் தொடர்பாக’ என்று தொடங்குகிற எதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். இந்தக் கைநூலோ ஒரு கடிதம் தொடர்பாகவும் எழுதப்படவில்லை. ஆகவே பக்கம் பக்கமாகப் போனைக் கொண்டே தமிழாக்கினார். போனும் சளைக்கவில்லை. ‘தூக்கி எறிதலை நன்றாக இறுக்கவும்’ என்றது. ‘இறந்த மையத்துக்கு எண்ணெய் இடவும்’ என்றது. செத்தவருக்கு எண்ணெய் வைப்பது நம் வழக்கத்திலும் உண்டு என்பதால் அருளம்பலம் தயங்கவில்லை, எங்கெங்கே மையம் போலத் தெரிந்ததோ அங்கெல்லாம் வைத்தார்.

முப்பத்தாறாம் பக்கம்தான் முக்கியமான பக்கம். பித்தளை கடைகிற முறை அதில் இருந்தது. போன் சொன்னது இது:

‘பித்தளைக்கு, வெட்டு ஒன்றுக்கு ஐந்து நீர் கொடுக்கவும். கடைசி வெட்டுக்கு ஒரு நீர் போதும்.’

அருளம்பலம் இதைச் சாதாரண வாசகனைப் போல வாசித்துவிட்டுப் போகவில்லை. சுற்றுநிருபம் ஒன்றைப் பகுத்தாய்கிற முறையில் பகுத்தாய்ந்தார். ‘நீர்’ என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. முதலாவது, ‘நீ’க்கு மேலேயும் ‘நீங்க’ளுக்குக் கீழேயும் உள்ள மரியாதை. அந்த மரியாதையில் அவர் வீட்டில் அழைக்கிற ஆள் ஒருவர்தான், இராசமலர். அப்படியானால் வெட்டு ஒன்றுக்கு ஐந்து இராசமலர். ஓர் இராசமலரே கொட்டில் பக்கம் வரச் சம்மதிப்பதில்லை. ஆகவே இந்தப் பொருள் நடைமுறைக்கு ஒவ்வாது என்று தள்ளுபடி செய்தார். மிஞ்சியது தண்ணீர். வெங்காயத்துக்கு முதலாம் தண்ணி, இரண்டாம் தண்ணி என்று எண்ணுகிற ஊரில் பிறந்தவருக்கு இதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. வெள்ளைக்காரனும் அடிப்படையில் தோட்டக்காரன்தான் என்று ஒரு பாசம்கூட வந்தது.

ஒரு நீர் என்றால் எவ்வளவு என்று கைநூல் சொல்லவில்லை. அரசாங்கப் பணத்தைச் சிக்கனமாகக் கையாண்ட பழக்கத்தில், அரை வாளி என்று தீர்மானித்தார்.

வெள்ளி காலை பத்தரைக்கு அவர் கிணற்றில் கையால் அள்ளி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவால், வாளி வாளியாகக் கொட்டிலுக்குக் காவினார். பாத்தியில் இருந்த இராசமலர் நிமிர்ந்தார். வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

“ஆருக்கு இந்தத் தண்ணி?”

“லேத்துக்கு. வெட்டு ஒண்டுக்கு அஞ்சு நீர்.”

“என்ரை வெங்காயத்துக்கு மூண்டு நாளாய் ஒரு நீர் இல்லை.”

“வெங்காயத்தைப் பற்றிப் புத்தகத்திலை ஒண்டும் இல்லையப்பா.”

பத்தேமுக்காலுக்குத் தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், ஆளியைத் தட்டினார். லேத் உருண்டது. நேர்த்தியாக, மெல்லிய ஒரு முனகலோடு, உலக்கையைக் கவ்விக்கொண்டு சுழன்றது. அருளம்பலத்தின் கண் கலங்கியது. அந்தக் கணம்வரை போனில் கண்ட எந்த இங்கிலாந்துக் கிழவருக்கும் அவர் குறைந்தவரில்லை.

உளியை எவ்வளவு ஆழம் அணைப்பது என்று அவருடைய தமிழாக்கத்தில் எங்குமே சொல்லப்படவில்லை. மனச்சாட்சிப்படி அணைத்தார். பித்தளை வீரிட்டது. முதலாம் நீரை ஊற்றினார். வீரிடல் நிற்கவில்லை. இரண்டாம் நீர், மூன்றாம் நீர். நாலாம் நீர் லேத்தின் கட்டில் என்கிற நீளத் தளத்தால் வழிந்து, கீழே பலகையில் இருந்த மோட்டருக்குள் இறங்கியது. ‘டப்’ என்று ஒரு சத்தம், ஒரு புகை. வீட்டு மின்சாரம் முழுவதும் விழுந்தது. விதி விதிதான் என்று ஐந்தாம் நீரையும் ஊற்றிவிட்டுத்தான் அவர் வாளியைக் கீழே வைத்தார்.

சாட்சிக்கு அழைக்கப்பட்ட கோபிசங்கர், பட்டறையில் வேலை மினக்கெட்டு, பதினொன்றேகாலுக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் நனைந்த லேத்தையும், நனைந்த அருளம்பலத்தையும், தரையில் தேங்கி நின்ற வெள்ளத்தையும், சின்னவிரல் மொத்தத்துக்கு மெலிந்திருந்த உலக்கையையும் பார்த்தார்.

“அண்ணை, லேத்தைக் குளிக்க வாத்தனீங்களோ?”

அருளம்பலம் கௌரவத்தோடு போனை நீட்டினார். கோபிசங்கர் தமிழை வாசித்தார். பிறகு ஆங்கிலப் படத்தைப் பெருப்பித்து வாசித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வளவின் மறுகரைக்குப் போய், அங்கே நின்ற முருங்கை மரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. திரும்பி வரும்போது முகம் ஒழுங்காக இருந்தது.

“அண்ணை, இங்கிலீசிலை கிடக்கிறது தவ். ஒரு அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரிச்சால் அதிலை ஒண்டு. வேலை செய்யிற ஆக்கள் அதைத்தான் தவ் எண்டு சொல்லுறது. அஞ்சு தவ் ஆழம் உளியை விடு எண்டு போட்டிருக்கு. அஞ்சு தவ் எண்டால் தலைமயிரிலும் பார்க்கக் கொஞ்சம் மொத்தம்.”

“பிறகேன் போன் நீர் எண்டுது?”

“பழைய இங்கிலீசிலை தவ் எண்டால் நீர் எண்டும் வரும். எழுத்தும் அதேதான். வேதக்காரற்றை ஜெபத்திலை ஆண்டவரை அப்பிடித்தான் கூப்பிடுறது.”

அருளம்பலம் போனில் இருந்த ஈரத்தைச் சாறத்தில் துடைத்தார்.

“அப்ப போன் மரியாதையாய்த்தான் கதைச்சிருக்கு.”

“ஓம் அண்ணை. தண்ணி ஊத்தினது நீங்கள்தான்.”

தள்ளுபடி செய்யப்பட்ட முதலாம் பொருள்தான் உண்மைக்குக் கிட்ட நின்றது என்பது அருளம்பலத்தைக் குடைந்தது. ஆனால் அதை அவர் அங்கு சொல்லவில்லை. பிழை மொழிபெயர்ப்பில்தான், இயந்திரத்தில் அல்ல என்று மட்டும் பதிவுசெய்தார்.

கோபிசங்கர் குந்தியிருந்து மோட்டரைத் திறந்து, மணந்து பார்த்தார். “சுருள் எரியேல்லை. ஆளிதான் எரிஞ்சு போட்டுது, அதை நான் மாத்திவிடுறன். இதை வெய்யிலிலை வையுங்கோ, நாளைக்கு ஓடும். புஷ்ஷை என்னட்டைத் தாங்கோ அண்ணை, கால் மணித்தியாலத்திலை கடைஞ்சு தாறன்.”

அருளம்பலம் தேய்ந்த புஷ்ஷை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். ‘உதிலையோ’ என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. கோபிசங்கர் மேலும் வற்புறுத்தாமல், ஆளியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இராசமலர் கொட்டில் வாசலில் நின்றார். கையில் மண்வெட்டி. முகத்தில் கோபம் இல்லை.

“நாளைக்குப் பின்னேரத்துக்கிடையிலை ஒரு தண்ணி போகாட்டி, வெங்காயத்தை மறக்க வேண்டியதுதான். இந்த முறை விதைக்கு விடுற வெங்காயமும் இதுக்குள்ளைதான் நிக்குது. போனால் அடுத்த போகத்துக்கும் நடுறதுக்கு ஒண்டும் இல்லை. நான் உங்களோடை கோவிக்கேல்லை. சொல்லிவிட்டன், அவ்வளவுதான்.”

முப்பத்தைந்து வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் அருளம்பலம் கற்ற முக்கியமான பாடம், இராசமலர் கோபிக்கும்போது பயப்படத் தேவையில்லை என்பது. கோபிக்கவில்லை என்று அவர் சொன்னது இதற்கு முன் ஒரேயொரு தடவைதான். அதைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் யாரும் கதைப்பதில்லை.

சனிக்கிழமை காலை, தேய்ந்த புஷ்ஷைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, அருளம்பலம் சைக்கிளை எடுத்தார். இணுவில் கடைகளில் எல்லாருக்கும் அவரையும் அவருடைய பிரகடனத்தையும் தெரியும். சுன்னாகத்தில் கோபிசங்கருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். தெல்லிப்பழைவரை மிதித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மெசின் சாமான் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரப் பெண் தேய்ந்த புஷ்ஷை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த இழுப்பறையில் கையை விட்டு, பொலித்தீன் பையில் இருந்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மொத்தமாக எடுத்த நேரம், ஒரு கோப்பில் கையெழுத்து வைக்கிற நேரம்.

எந்த நாட்டுச் சாமான் என்று கேட்க அவருக்கு நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. பையில் எழுதியிருந்ததையும் பார்க்காமல் கிழித்து, கடை வாசலில் இருந்த வாளிக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து, பம்பில் அதை வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். சுத்தியல் தேவைப்படவில்லை. தன் இடம் இதுதான் என்று தெரிந்த மாதிரி உள்ளே போய் இருந்தது. அருளம்பலம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடிச் சீமெந்துக் கட்டில் இருத்தினார். அப்போதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. மோட்டரை அவசரத்தில் கழற்றியபோது நெம்பிய நாலு நட்டுகளும் மரை சிதைந்துபோயிருந்தன. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். லேத்தின் கட்டில் முழுவதும், பதினொரு மாதம் சுரண்டி எடுத்த பளபளப்பின்மேல், செம்மஞ்சளாய்ப் புதுத் துரு பூத்திருந்தது. இது இந்தக் காலத்துத் துரு.

நேரம் ஒரு மணி. தெல்லிப்பழைக்கு மறுபடியும் மிதிக்க நேரமில்லை. இணுவில் சந்தியில், எல்லாருக்கும் அவரைத் தெரிந்த கடைக்கே போனார். கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேருக்கும் கேட்கத்தக்கதாகவே நட்டுக் கேட்டார்.

மூன்று மணிக்கு மோட்டர் உறுமியது. பம்ப் ஆடவில்லை, கத்தவில்லை. குழாய் வாயில் இரண்டு தரம் காற்றுக் கொப்பளித்து, பிறகு கை மொத்தத்தில் தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்தது. இராசமலர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் முதற்பாத்தியின் வாயை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். வறண்ட மண் சத்தத்தோடு உறிஞ்சியது. நாலாவது பாத்தி நிரம்புகிற வரைக்கும் அருளம்பலம் குழாய் வாயடியிலேயே நின்றார்.

அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாறிவிட்டு, இராசமலர் கால் கழுவக் கிணற்றடிக்கு வந்தார். மோட்டருக்கு முன்னால் கொஞ்சம் குனிந்தார்.

“நட்டு நாலும் புதிசு போலை.”

“ஓம்.”

“எடுக்கிறதோடை ஆறாய் எடுத்திருக்கலாம். ஒண்டு துலைஞ்சாலும் கிடந்திருக்கும்.”

அருளம்பலம் சேட்டுப் பையை மேலால் தடவிப் பார்த்தார்.

“ஆறுதான் எடுத்தனான்,” என்றார்.